கெடாத கேக்கும் அதிலுள்ள சர்க்கரையும்

கிறிஸ்மஸ் காலம் வந்துவிட்டால், கறுத்துத் தடித்த பழக் கேக் கடைகளுக்கு வந்துவிடுகிறது. இரண்டு துண்டு தின்றாலே வயிறு நிறைந்துவிடும். இக்கேக்கின் கதையை இன்று சற்றே காண்போம்.

உலர்ந்த திராட்சை, பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் முதலியவற்றைப் பிராந்தியிலோ ரம்மிலோ ஊற வைப்பார்கள். மது வேண்டாதவர்கள் பழச்சாற்றில் ஊற வைப்பதுண்டு. மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, பட்டை, கிராம்பு ஆகியவற்றோடு கலந்து, இளஞ்சூட்டில் சில மணி நேரம் வேக விடுவார்கள். பிறகு துணியில் சுற்றி, அவ்வப்போது பிராந்தி தெளித்து, வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

அது ஏன் கெடுவதில்லை? நம் வீட்டுக் கருவாடு ஏன் கெடுவதில்லை? உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. கேக்கில் அவ்வேலையைச் சர்க்கரை செய்கிறது. மதுவும் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவின் அடேர் முனைக் குடிசையொன்றில், ஏறத்தாழ 106 ஆண்டுப் பழமையான பழக் கேக் கிடைத்தது. ஸ்காட்டின் ஆய்வுக் குழுவினர் விட்டுச் சென்றதாகக் கருதப்படுகிறது. தகரப் பெட்டி துருப்பிடித்திருந்தது. கேக்கோ பார்வைக்கு நன்றாகவே இருந்தது!

இதனால்தான் அமெரிக்கர்கள் இதனைக் கேலி செய்கிறார்கள். உலகில் இருப்பது ஒரே பழக் கேக்தான், அதையே மக்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள் என்று ஜானி கார்சன் என்னும் தொலைக்காட்சிக் கலைஞர் நகைத்தார். கொலராடோ மாநிலத்தின் மானிட்டு ஸ்பிரிங்ஸ் ஊரில், 1996இல் பழக் கேக்கைத் தூர எறியும் போட்டியே தொடங்கினார்கள்.

நாமும் சிரிப்போம். ஆனால், அச்சர்க்கரை எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் ஐரோப்பாவில் அது செல்வர் வீட்டுப் பண்டம். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சிந்திய வியர்வையால்தான் அது மலிந்தது. 1834இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் பெருமளவில் செல்லத் தொடங்கினர். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் சென்றது. இங்கே, இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களிலும், ரப்பர் வருவதற்கு முன்பே தமிழர் பாடுபட்டனர்.

கேக் செய்முறை நூல்களில் அவர்கள் பெயர் இல்லை. ஆகவே பிள்ளைகளே, உங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேளுங்கள்: நம் முன்னோர் எந்தத் தோட்டத்திற்கு வந்தனர்? எந்தப் பயிரில் உழைத்தனர்? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.