கார் வண்ணப்பூச்சின் கடினத்தன்மை

காரின் மேற்பூச்சு எந்த அளவுக்குக் கீறலைத் தாங்கும் என்பதே அதன் கடினத்தன்மை. வெள்ளைப் பெயிண்ட் உறுதியானது, கறுப்பு மென்மையானது என்ற நம்பிக்கை கார் வைத்திருப்போரிடம் பரவலாக உண்டு. இன்றைய கார்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது.

தொழிற்சாலையில் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு ஆகியவற்றுக்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் அடிக்கப்படுகிறது. இதன் தடிமன் ஏறத்தாழ 40 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. துணியும் தூசியும் உரசுவது இதன் மீதுதான். எந்த நிறக் காருக்கும் ஒரு தொழிற்சாலை பொதுவாக ஒரே வகைக் கிளியர் கோட்டையே அடிப்பதால், கீறலைத் தாங்குவதில் அடியிலுள்ள நிறத்துக்குப் பங்கு குறைவு. கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சில் நிறமிக்கும் வேலை இருந்தது. வெள்ளைக்குச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடு கடினமான கனிமம். கறுப்புக்குச் சேர்ப்பது கரித்தூள். நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கலாம்.

நிறத்தால் உண்மையில் மாறுவது கீறல் கண்ணில் படும் அளவு. நுண்கீறல் ஒளியைச் சிதறடிக்கிறது. வெள்ளைப் பரப்பே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கீறல் மறைந்துவிடும். கறுப்பில் பளிச்செனத் தெரியும். வெயிலில் தெரியும் சிலந்திவலை வட்டங்கள்கூட வட்டமான கீறல்கள் அல்ல. தாறுமாறாகக் கிடக்கும் கீறல்களில், ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் உள்ளவை மட்டும் விளக்கொளியைச் சுற்றி வளையமாகத் தோன்றுகின்றன.

சென்னையை அடுத்த தாம்பரம் வட்டாரத்தில் நிறத்தைவிடக் கவனிக்க வேண்டியது தூசி. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகள் சார்னோகைட் பாறையால் ஆனவை. இதிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை கனிமங்களுக்கான மோஸ் அளவில் 7, ஃபெல்ட்ஸ்பாரினுடையது 6. எந்தக் கிளியர் கோட்டையும் இவை கீறும். ஜி.எஸ்.டி. சாலையில், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் வந்த காரை மறுநாள் காலை உலர்ந்த மஞ்சள் துணியால் துடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். அடுக்ககங்களில் ஒரே வாளித் தண்ணீரில் நாலைந்து வண்டிகளைத் துடைப்பதும் அப்படித்தான். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டே துணி வைக்க வேண்டும்.

செராமிக் கோட்டிங் விளம்பரங்களில் வரும் '9எச்' மோஸ் அளவு அன்று. வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பென்சில்களைப் பூச்சின் மீது அழுத்தித் தள்ளிப் பார்க்கும் சோதனையின் அளவு அது. பென்சில் முனையைத் தாங்கும் பூச்சு குவார்ட்ஸ் மணலைத் தாங்கும் என்று கொள்ள முடியாது.

ரப்பிங் பாலிஷ் கீறலை நிரப்புவதைவிடச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமன்செய்வதே அதிகம். ஒவ்வொரு முறையும் பூச்சு மெலிகிறது. டிங்கரிங் செய்து மறுபூச்சு அடித்த கதவின் கதை வேறு. தொழிற்சாலையில் பூச்சு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியசில் சுடப்படுகிறது. பட்டறையில், ஹார்டனர் கலந்த பூச்சை 60 டிகிரி அளவிலோ வெறும் காற்றிலோ உலர்த்துகிறார்கள். அதனால் ஒரே நிறக் காரிலேயே கதவும் பானட்டும் வெவ்வேறு கடினத்தன்மையுடன் இருக்கலாம்.