இருபத்திரண்டு நாள் ஆட்டம்

நேயர்களே, பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு ஊர்ப்பெருமை பேசுவதில் ஓர் அலாதி இன்பம் உண்டு. பெங்களூரில் அல்சூரை ஒட்டியுள்ள ஜோகுபாளையத்திலும் இதற்குக் குறைவில்லை. ஆனால் இங்கே பேச்சு கோயிலைப் பற்றியோ சினிமாவைப் பற்றியோ தொடங்கினாலும், சற்று நேரத்தில் கால்பந்துக்கு வந்து சேரும். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 1-2 எனத் தோற்றது. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். 1937, 1938 ஆகிய ஈராண்டுகளிலும் பெங்களூர் முஸ்லிம்ஸ் குழு பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. மைசூர் மாநில அணி நான்கு முறை சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் எங்கள் தேநீர்க் கடையில் சிறுவர்க்கும் மனப்பாடம்.

இந்தப் பட்டியலை நாமும் பல ஆண்டுகள் ஒப்பித்திருக்கிறோம். அதில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை என்பது 2020-ஆம் ஆண்டு வரையில் நமக்கு உறைக்கவில்லை.

இதற்கு ஒரு பழங்கதை உண்டு. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே ராணுவக் குடியிருப்பை நிறுவினர். சென்னை மாகாணத்துப் படைகளோடு தமிழர் பலர் வந்து அல்சூர் வட்டாரத்தில் தங்கினர். சிப்பாய்களின் மைதானங்களிலிருந்து பந்து நம் தெருக்களுக்கு வந்தது. அதே ஆங்கிலேயரின் தாய்நாட்டில், 1920-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் 'டிக் கெர்' அணி ஆடிய ஆட்டத்தைக் காண லிவர்பூலில் ஏறத்தாழ 53,000 பேர் கூடினர். மறு ஆண்டு டிசம்பரிலேயே, இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் குழுக்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அத்தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. பந்தைக் கடன் வாங்கிய நாம் இந்த எண்ணத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம் போலும்!

நம் நாட்டில் 1975-இல் மகளிர் கால்பந்துக்கென ஒரு சம்மேளனம் தோன்றியது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும், 1983-இல் பாங்காக்கில் நடந்த போட்டியிலும் இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டம் வரை சென்றனர். ஆயினும் ஆண்களுக்கு 1996-இல் தேசிய லீக் அமைந்தபின், பெண்கள் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்திய மகளிர் லீக்கின் முதல் பருவம் 2017-இல் டில்லியில் முடிவுற்றது. அதில் இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வென்றது. மூன்றாம் பருவத்தில், 2019 மே மாதம் லூதியானாவில், மதுரையின் சேது கழகம் மணிப்பூர்ப் போலீஸ் அணியை 3-1 எனத் தோற்கடித்து வாகை சூடியது.

இவ்வகை ஆட்டக்காரரை ஆங்கிலத்தில் அரைத் தொழில்முறையினர் என்கிறார்கள். நாள்தோறும் சர்க்காரின் சுற்றறிக்கைகளை மொழிபெயர்ப்பது நம் உத்தியோகம். இருந்தும் இச்சொல் நமக்கு ஒருபோதும் மனநிறைவு தந்ததில்லை. எது அரை? உழைப்பா, ஊதியமா? கமலா தேவி ரயில்வே ஊழியர். தமிழகத்தின் இந்துமதி கதிரேசன் போலீஸ் அதிகாரி. ஆட்டம் முழுமை, அதைக் கொண்டு வாழ்வதுதான் அரை.

நான்காம் பருவம் எங்கள் ஊருக்கே வந்தது. 2020 ஜனவரி 24 முதல் பிப்ரவரி 14 வரை, அசோக் நகரிலுள்ள பெங்களூர்க் கால்பந்து மைதானத்தில் பன்னிரண்டு அணிகள் ஆடின. உள்ளூரிலிருந்து கிக்ஸ்டார்ட், பெங்களூர் யுனைடெட் என இரண்டு. பருவம் என்று பெயர். அளவோ இருபத்திரண்டு நாள்! ஆறு அணிகள் கொண்ட இரு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆட்டங்கள். அப்பால் அரையிறுதியும் இறுதியும். முதல் சுற்றிலேயே தோற்றவர்க்கு ஐந்து ஆட்டங்களோடு அவ்வாண்டுத் தேசிய லீக் முடிந்தது. ஓராண்டு பயிற்சிக்கு இது கூலியா என்று கேட்டால், அல்ல என்பதே நம் கருத்து.

இறுதி ஆட்டத்துக்கு மட்டுமே நாம் போனோம். அதற்கு முன் போகாதது நம் அசட்டை. கோகுலம் கேரளாவும் மணிப்பூரின் கிரிப்சாவும் மோதின. இருக்கையில் சரியாக அமருமுன்பே, முதல் நிமிஷத்திலேயே, பரமேஸ்வரி தேவி கோகுலத்துக்குக் கோல் போட்டார். 25-ஆம் நிமிஷத்தில் கமலா தேவி இரண்டாவதைச் சேர்த்தார். ஆட்டம் தீர்ந்தது என்றே எண்ணினோம். தீரவில்லை. 33-இல் டாங்மெய் கிரேஸ் ஒன்றைத் திருப்பினார். 72-இல் ரத்தன்பாலா தேவி சமன் செய்தார். பின்னும் பதினைந்து நிமிஷம் இழுபறி. 87-ஆம் நிமிஷத்தில் நேபாளத்துச் சபித்ரா பண்டாரி மூன்றாம் கோலை அடித்தார். கோகுலம் 3-2 என வென்றது. மகளிர் லீக்கில் கேரளக் கழகம் ஒன்று பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. பயிற்சியாளர் பி.வி. பிரியாவும் பெண்ணே. சபித்ரா அப்பருவத்தில் போட்டவை 16 கோல்கள்.

நேயர்களே, அந்த மூவரையும் மீண்டும் பாருங்கள். கேரளத்துக்காகக் கோல் அடித்தவர்களில் இருவர் மணிப்பூர்ப் பெண்கள். எதிரே நின்றதும் மணிப்பூர்க் கழகமே. சபித்ராவோ முந்திய ஆண்டு மதுரைக்கு ஆடியவர். ஆண்டுதோறும் ஊர் மாறி, மொழி தெரியாத இடத்தில் உண்டு உறங்கி, அவ்வூர்ப் பெயரைச் சட்டையில் அணிந்து ஆடுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் நமக்கு அவர்கள் அந்நியர் அல்லர்.

அடுத்த மாதமே கொள்ளைநோய் நாட்டை அடைத்தது. 2020-21 பருவம் நடைபெறவேயில்லை. ஆட்டக்காரியின் வாழ்வில் இரண்டாண்டு என்பது சிறிதன்று. அக்காலத்தில் இந்துமதி சென்னையில் காக்கி உடையில் தெருக்காவல் புரிந்துகொண்டிருந்தார். 2022-இல் ஒடிசாவில் லீக் மீண்டபோது, கோகுலம் சேதுவை 3-1 என வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

ஒரே ஊரில் சில வாரம் கூடிக் கலையும் முறை 2023-24 பருவத்தில் மாறியது. ஏழு அணிகள், சொந்த ஊரில் ஒன்றும் எதிரியின் ஊரில் ஒன்றுமாகப் பல மாதங்கள் ஆடின. ஒடிசா கழகம் முதலிடம் பெற்றது. மதுரையின் சேதுவும் பெங்களூரின் கிக்ஸ்டார்ட்டும் அதில் இருமுறை சந்தித்தன. "சார், நீங்கள் எந்தப் பக்கம்?" என்று தேநீர்க் கடைக்காரர் அப்போது கேட்டார். அவர் தகப்பனார் வேலூரிலிருந்து வந்தவர். அவரோ இங்கேயே பிறந்தவர். அவரையே முதலில் சொல்லச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பையை ஆற்றத் தொடங்கினார்.