கயிறும் காற்றுப்பையும் கண்ணாடியும்

பக்கவாதம் வந்த வீட்டில் முதல் சில வாரங்களுக்கு எல்லோர் கவனமும் காலின் மேல்தான். நடப்பாரா மாட்டாரா என்பதே பேச்சு. அதற்குள் செயலிழந்த கை ஓசைப்படாமல் வீங்கத் தொடங்கியிருக்கும். புறங்கை உப்பி, விரல் மடிப்புகள் மறைந்து, மோதிரம் சிக்கிக்கொண்ட பிறகுதான் "கையில நீர் கோத்துக்கிச்சு" என்று யாராவது சொல்வார்கள். புதுச்சேரி மூலக்குளத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிக்கும் முன்பே அக்கம்பக்க வைத்தியம் தொடங்கிவிடும்: நொச்சி இலை ஒத்தடம், எண்ணெய் போட்டு உருவுதல், எங்கிருந்தோ வாங்கிவந்த புறா ரத்தம். புறா ரத்தத்தால் பக்கவாதம் தேறும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை, நஷ்டம் புறாவுக்குத்தான். ஒத்தடம் அப்படி வேடிக்கையாக விடக்கூடியதல்ல. உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துபோகும்.

தசைகள் சுருங்கி விரியும்போதுதான் சிரைகளிலும் நிணநாளங்களிலும் உள்ள நீர் மேலே ஏறும். தசை அசையாமல், கை நாற்காலி ஓரத்தில் தொங்கினால் நீர் அங்கேயே தங்கிவிடும். சிலருக்கு வீக்கத்தோடு எரிச்சலும் தோள் வலியும் தோல் நிறமாற்றமும் சேர்ந்துகொள்ளும். மருத்துவர்களை அதிகம் குழப்பியது இந்த இரண்டாவது வகை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களின் நரம்புகளை ஆராய்ந்த சைலஸ் வெயர் மிட்செல், 1864-இல் அவர்களின் கை கால்களில் இதையொத்த எரிச்சலை விவரித்தார். 1900-இல் ஜெர்மனியின் பவுல் சூடெக், அடிபட்ட கையில் எலும்பு மெலிவதை எக்ஸ்ரேயில் காட்டினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ், ரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள பரிவு நரம்புகளை அகற்றி வலியைத் தணிக்கப் பார்த்தார். தோளும் கையும் சேர்ந்து பாதிக்கப்படும் இந்த நிலைக்குத் 'தோள்-கை நோய்த்தொகுதி' என்ற பெயர் 1940களில் ஸ்டைன்பிராக்கர் என்ற அமெரிக்கரால் பரவியது.

பெயர் கிடைத்தது, வழி கிடைக்கவில்லை. ஆளுக்கொரு முறையை முயன்றார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் பிரான்சில் உருவாக்கிய மென்மையான நிணநீர்த் தடவல் ஒன்று. 1967-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான கயிறு சுற்றும் முறை இன்னொன்று. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி நெருக்கமாகக் கயிற்றைச் சுற்றி, உடனே அவிழ்ப்பார்கள். வீக்கம் கண்ணெதிரே வடியும். கையைத் தொங்கவிட்டால் மறுபடி ஏறும். பிறகு காற்றுப்பை எந்திரம் வந்தது. உறைக்குள் கையை நுழைத்தால் காற்று ஏறி இறங்கி அமுக்கும். 1999-இல் பிரிட்டனில் ஒரு மாதம் இதைச் சோதித்துப் பார்த்தபோது, வழக்கமான பராமரிப்பைவிடப் பலன் கூடவில்லை.

தமிழ்நாட்டில் கைக்கான மறுவாழ்வு வேறு வாசல் வழியே வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். அறுவைக்குப் பின் பயிற்சி இல்லாவிட்டால் அந்தக் கை பயன்படாது. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்த அறுவைகளைச் செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் அதற்கெனத் தனி நிலையமே எழுந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரண கண்ணாடியைக் கையில் எடுத்தார். நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரு கைகளையும் அசைக்க முயன்றால், செயலிழந்த கையே அசைவதாக மூளை நம்புகிறது. 1999-இல் அவரும் சகாக்களும் 9 பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 2009-இல் இத்தாலிய மருத்துவர்கள், பக்கவாதத்துக்குப் பின் கையில் வலியும் வீக்கமும் கொண்டவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சியால் வலி குறைந்ததைப் பதிவு செய்தார்கள்.

ஆனால் இந்த வரலாற்றில் கனமான எண் 1994-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கு ஓர் ஆய்வில் 132 நோயாளிகளில் 27 சதவீதத்தினருக்குத் தோள்-கை நோய் வந்திருந்தது. குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலோருக்கு உதவியது. அதைவிட, தோளைக் காயப்படுத்தாமல் நோயாளியைக் கையாளும்படி எல்லோருக்கும் தொடக்கத்திலேயே சொல்லிவைத்ததும், நோய் 8 சதவீதமாக இறங்கியது.

ஆகவே வீட்டாருக்கு: செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். குளுக்கோஸ் ஏற்ற மற்ற கையைக் கேளுங்கள். கை திடீரென்று சூடாகிச் சிவந்து வலித்தால் ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.