தாய்வீடு தொலைவிலிருந்த பேறுகாலம்: லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டத் தாய்மார்

கேமரன் மலையின் தேயிலை வரலாறு, 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியது முதல் எழுதப்பட்டு வருகிறது. காடழிப்பு, தாப்பாவிலிருந்து மலையேறிய சாலை, பெர்த்தாம் ஆற்றை ரிங்லெட்டில் தேக்கி 1963இல் முடிக்கப்பட்ட அணை ஆகியவை அதில் இடம்பெறும். லெம்பா பெர்த்தாம் வட்டாரத்து லயங்களில் பிள்ளை பெற்ற பெண்களின் மனநிலைக்கு அவ்வரலாற்றில் இடமில்லை.

நம் மொழிவழக்கும் இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறோம். 'மகப்பேறு' என்னும் சொல் பிள்ளைப்பிறப்பை வாய்த்த நன்மையாகக் காண்கிறது. நன்மை வாய்த்தவள் அழுதால் அவ்வழுகைக்குப் பெயரில்லை. 'சன்னி' என்ற சொல்லோ காய்ச்சல், வலிப்பு, பிதற்றல் அனைத்தையும் ஒன்றாக அடக்கிக்கொண்டது. அதிலும் அடங்காதது பேய்க்கோளாறு ஆயிற்று. பிரான்சு நாட்டு மருத்துவர் லூயி விக்டர் மார்சே, பிள்ளை பெற்ற பெண்களின் மனநோய் பற்றித் தனிநூலே எழுதியது 1858இல் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மலாயாவுக்கு ஆள் அனுப்பிய பகுதிகளுள் ஒன்று பழைய வட ஆர்க்காடு. அங்கு வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத் தாய்மாரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2002இல் வெளிவந்தது. நூற்றுக்கு 11 பேருக்குப் பிள்ளைப்பேற்றின்பின் புதிதாக மனச்சோர்வு கண்டது. வறுமை, மகனை எதிர்பார்த்து மகள் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, வேலைக்குக் கைகொடுக்க ஆளின்மை ஆகியவை அதனோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன.

இறுதிக் காரணத்தைத் தோட்ட வாழ்வோடு பொருத்திப் பார்க்கவேண்டும். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். பத்தியச் சோறு, வெந்நீர்க் குளியல், வயிற்றுக்கட்டு ஆகியவற்றோடு, அச்சமின்றி அழுவதற்குரிய மடியையும் அவ்வழக்கம் தந்தது. கடல் கடந்து வந்தவளுக்கு அத்தாய்வீடு எட்டாதது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபின், ஊரிலிருந்து உறவுப்பெண்கள் வந்து சேரும் வழியும் சுருங்கியது. நெடிய வலி, இறந்து பிறந்த மகவு, குருதிப்போக்கு போன்ற கொடிய பேற்று நினைவுகள் அச்சமாகத் திரும்பத் திரும்ப எழக்கூடும் என்பதை இன்றைய உளமருத்துவம் ஏற்கிறது. அந்நினைவுகளைச் சொல்லி ஆற, பக்கத்து லயத்துப் பெண்களே இருந்தனர்.

ஆயாக்கொட்டகையையும் இவ்வகையில் மீண்டும் நோக்கவேண்டும். கூலியும் குழந்தையும் ஒருங்கே காக்கப்பட அது உதவியது; ஆயின், பால் கட்டிய மார்போடு கொழுந்து பறிக்க மலையேறிய தாயை அது குழந்தையிடமிருந்து பிரித்தும் வைத்தது. ஆயாவை நாம் குழந்தைக் காவலாகவே எண்ணிவிட்டோம். நாள்தோறும் தாயின் முகத்தை நேர்நின்று கண்டவரும் அவரே.

சட்டம் நாள்களை எண்ணியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் 60 நாள்களாயிருந்த பேறுகால விடுப்பு, 2023 சனவரி முதல் 98 நாள்களாயிற்று. மனத்தை வினவும் கருவி 1987இல் எடின்பரோவில் உருவானது, பத்தே வினாக்கள். அவற்றின் தமிழ் வடிவம் தமிழகத் தாய்மாரிடம் சோதிக்கப்பட்டு 2005இல் வெளிவந்தது. கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா என்பது அதன் முதல் வினா. அதற்குள் லயங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளராயினர். அவ்வினாவை இன்று நாம் எழுப்பக்கூடியது, அன்று லயத்தில் பிள்ளை பெற்று இன்று பாட்டியராய் இருப்போரிடமே.