பக்கத்து இலை

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குத் தனிச் சந்நிதி உண்டு. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் உலாவுக்கு முன், அவள் உயிர்பெற்ற கதையைக் குளக்கரையில் நிகழ்த்திக் காட்டுவார்கள். பாம்பு தீண்டி இறந்த மகளின் சாம்பலையும் எலும்பையும் தந்தை சிவநேசர் குடத்திலிட்டுக் காத்திருந்தார். ஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்கிறது பெரியபுராணம். ஏழாம் நூற்றாண்டின் அந்தப் பதிகத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒன்றைச் சொல்வேன்: அதில் ‘எழுந்திரு’ என்ற கட்டளை இல்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம் என்று ஊரின் விழாக்களை அடுக்கி, இவற்றைக் காணாமலா போவாய் என்று கேட்கிறது. அடியார்க்கு அமுதிடுவதும், தைப்பூசத்துக்குப் பெண்கள் சமைக்கும் நெய்ச்சோறும் அந்த அழைப்பில் உண்டு.

என் அக்கா மகள் எலும்பும் தோலுமாக ஆன ஆண்டில்தான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. திங்களன்று சோமவாரம், வெள்ளியன்று அம்மன், நடுவே சஷ்டி, ஏகாதசி. “இந்த வயசுல என்ன பக்தி!” என்று வீடு பூரித்தது. மாதவிலக்கு நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. மாடிப்படியில் மயங்கி விழுந்தபோதுதான் விழித்தோம். பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு விரதத்தைப்போல மரியாதையான போர்வை வேறில்லை. “கல்யாணமானா சரியாயிடும்” என்றார்கள் பெரியவர்கள். நான் முதலில் கெஞ்சினேன், பிறகு மிரட்டினேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

இதே காட்சியை 1873இல் பாரிஸ் மருத்துவர் சார்ல் லசேக் எழுதிவைத்திருக்கிறார். குடும்பத்தாரிடம் இருப்பவை கெஞ்சலும் மிரட்டலும்தான். இரண்டும் தோற்றுத் தீர்கின்றன என்றார். அதே காலத்தில் லண்டனில் வில்லியம் கல் இந்த நோய்க்கு ‘அனரெக்சியா நெர்வோசா’ என்று பெயரிட்டார். நோயாளியைப் பார்த்துக்கொள்ள உறவினர்களே மிக மோசமானவர்கள் என்பது அவர் கருத்து. பெற்றோரிடமிருந்து பிரித்துவைப்பதே மருந்து என்றார் பிரான்சின் சார்கோ. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சந்தேகம் நேராக அம்மாவின் தலையில் விழுந்தது. மகள் சாப்பிடாததற்கு அவள் வளர்த்த விதமே காரணம் என்றார்கள்.

நம் பக்கம் வேறொரு வழி இருந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் உறவினர்களையும் தங்கவைத்தார். 1957இல் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய வேலூர் சிஎம்சி மனநல மையத்திலும் குடும்பத்தார் நோயாளியுடனேயே தங்கினார்கள். உணவுக்கோளாறுக்கென்று செய்யப்பட்டவை அல்ல இவை. ஆனால் உறவினரை நோய்க்குக் காரணமாகப் பார்க்காமல் துணையாகப் பார்த்தவை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் ஜெரால்ட் ரஸ்ஸல் குழு, 80 நோயாளிகளிடம் செய்த ஆய்வை 1987இல்தான் வெளியிட்டது. இளவயதில் நோய் தொடங்கி, அது நாள்படாமல் இருந்தவர்களுக்குத் தனிச் சிகிச்சையைவிடக் குடும்பத்தோடு சேர்த்துத் தந்த சிகிச்சை அதிகம் உதவியது என்று அது காட்டியது. குடும்பமே முதற்காரணம் என்ற கருத்தை உணவுக்கோளாறு வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்பு 2010இல் வெளிப்படையாக மறுத்தது. அம்மாக்கள் மீதான பழி நீங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இது மேல்நாட்டு நோய், நம் வீட்டுக்கு வராது என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. டி. என். சீனிவாசனும் உடன் ஆய்வாளர்களும் தென்னிந்தியாவில் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். 31 பேர் உணவையும் உடல் எடையையும் குறித்த துயரத்தில் இருந்தார்கள். நோய் என்று பெயர்சூட்டும் அளவுக்கு அது முற்றியிருக்கவில்லை. பெயர் இல்லாத துயரம் வீடுகளில் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

‘குடும்பம் துணைநிற்க வேண்டும்’ என்று படிக்கும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி, குடும்பம் என்றால் யார் என்பது. வேளைக்கு வேளை பக்கத்தில் உட்கார்வது, மருத்துவமனை வரிசையில் நிற்பது, சம்பளமில்லா விடுப்பு எடுப்பது எல்லாம் அம்மா. நோய்க்கும் அவளே காரணம், நோய் தீரவும் அவளே பொறுப்பு. எங்கள் வீட்டில் அக்கா ஒருநாள் உடைந்து அழுத பிறகுதான் மாமா காலைச் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இரவு என் முறை. மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொன்னதை நாங்கள் மூவரும் ஒரே குரலில் கடைப்பிடித்தோம்: நேரத்துக்குச் சாப்பாடு, தட்டருகே வாதமில்லை, உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘கொஞ்சம் சதை போட்டிருக்கே’ என்ற பாராட்டுகூட அவளுக்கு அடி.

பூம்பாவை கதையில் என்னை உறுத்தும் இடம் ஒன்று உண்டு. அவள் எழுந்ததும் தந்தை அவளைச் சம்பந்தருக்கு மணம்முடிக்கக் கேட்கிறார். உயிர் தந்த நான் தந்தையாவேன் என்று அவர் மறுக்கிறார். அவளை யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்காக உடம்பு தேறச் சொன்ன எங்கள் பெரியவர்களும் அப்படித்தான். ஒருத்தியை உயிருக்கு அழைக்கிறோம் என்றால், அது அவளுடைய வாழ்க்கைக்கான அழைப்பாக இருக்கவேண்டும்.

கடைசியில் அவளிடமே கேட்டேன், நான் என்ன செய்யட்டும் என்று. “சாப்பிடு சாப்பிடுன்னு சொல்லாதே சித்தி. பக்கத்துல உக்காந்து நீயும் சாப்பிடு.”

இரண்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். சில இரவுகளில் அவள் தட்டில் பாதி அப்படியே இருக்கும். மறுநாளும் இரண்டு தட்டு வைக்கிறேன்.