உதவலாம், சண்டை போடக்கூடாது: பிலிப்பீன்ஸில் அமெரிக்க ராணுவத்துக்கு என்ன வேலை?

ஏப்ரல் மாதம் நெருங்கினாலே செய்திகளில் "பாலிகாத்தான்" என்ற சொல் அடிபடும். தகாலோக் மொழியில் அதற்குத் தோளோடு தோள் நிற்பது என்று அர்த்தம். பிலிப்பீன்ஸும் அமெரிக்காவும் வழக்கமாக ஆண்டுதோறும் நடத்தும் கூட்டு ராணுவப் பயிற்சியின் பெயர் அது. 2023இல் 17,600க்கும் மேற்பட்ட வீரர்கள் அதில் கலந்துகொண்டனர்.

படங்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே படை மாதிரிதான் தெரியும். ஆனால், பிலிப்பீன்ஸ் மண்ணில் அமெரிக்க வீரர்களுக்கு ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. பயங்கரவாதத்தை முறியடிக்க அவர்கள் உதவலாம், சண்டையில் இறங்கக்கூடாது. அந்தக் கோடு எப்படி வந்தது? அது ஏன் முக்கியம்?

நட்பு எப்போது தொடங்கியது?

இரு நாடுகளும் 1951இல் பரஸ்பரத் தற்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றது உதவிக்கு வரவேண்டும் என்பது அதன் சாரம். கிளார்க், சூபிக் ஆகிய பெரிய அமெரிக்கத் தளங்களும் அப்போது பிலிப்பீன்ஸில் இருந்தன.

பிறகு நிலைமை மாறியது. 1987இல் வந்த புதிய அரசமைப்புச் சட்டம், செனட் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் இல்லாமல் வெளிநாட்டுப் படைகள் நாட்டில் இருக்கக்கூடாது என்றது. 1991இல் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை செனட் 12-11 என்ற வாக்குகளில் நிராகரித்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்! அடுத்த ஆண்டு அமெரிக்கப் படைகள் சூபிக்கைவிட்டு வெளியேறின.

அப்படியென்றால் இப்போது எப்படி வருகிறார்கள்? 1998இல் கையெழுத்தான வருகைப் படைகள் ஒப்பந்தம்தான் வழி. அதை செனட் மறு ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதன்கீழ் அமெரிக்க வீரர்கள் "விருந்தினர்களாக" வந்து போகலாம்.

2002: பாசிலான் தீவு

பிலிப்பீன்ஸின் தெற்கே அபு சயாஃப் என்ற குழு ஆட்கடத்தலில் ஈடுபட்டுவந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவின் பார்வை அங்கேயும் திரும்பியது. 2002இல் அமெரிக்கச் சிறப்புப் படையினர் பாசிலான் தீவுக்கு வந்தனர்.

உடனே வழக்கும் வந்தது. வெளிநாட்டு வீரர்கள் பிலிப்பீன்ஸ் மண்ணில் தாக்குதல் போரில் ஈடுபட முடியாது, தற்காத்துக்கொள்ள மட்டும் சுடலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தெளிவுபடுத்தியது.

அதனால் அமெரிக்கர்கள் செய்த வேலைகள் வேறு:

• பிலிப்பீன்ஸ் வீரர்களுக்குப் பயிற்சி, ஆலோசனை
• உளவுத் தகவல், வான்வழிக் கண்காணிப்பு
• சாலை போடுவது, கிணறு தோண்டுவது, மருத்துவ முகாம் நடத்துவது

கடைசியாகச் சொன்னது சும்மா நல்ல பெயர் வாங்குவதற்கு அல்ல. ஊர்மக்கள் நம்பினால்தான் ஒளிந்திருப்பவர்களைப் பற்றித் தகவல் வரும். இந்தப் பணிக்குழு 2015 வரை தெற்கில் இயங்கியது. பல ஆண்டுகள் அதில் இருந்தவர்கள் ஏறக்குறைய 500, 600 பேர்தான்.

மாமாசாபானோ: கோடு மங்கியபோது

2015 ஜனவரி 25. மாமாசாபானோ என்ற ஊருக்குள் பிலிப்பீன்ஸ் காவல்துறையின் சிறப்புப் படை நுழைந்தது. இலக்கு, "மர்வான்" என்று அறியப்பட்ட சுல்கிஃப்லி அப்துல் ஹிர். மலேசியாவில் பிறந்த வெடிகுண்டு நிபுணர். அவரைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 5 மில்லியன் டாலர் வரை பரிசு என்று அமெரிக்கா அறிவித்திருந்தது.

மர்வான் கொல்லப்பட்டார். அடையாளத்தை உறுதிசெய்ய அவருடைய விரல் வெட்டி எடுக்கப்பட்டு, மரபணுச் சோதனைக்காக அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் போய்ச்சேர்ந்தது.

ஆனால் திரும்பும் வழியில் 44 காவல்துறை வீரர்கள் உயிரிழந்தனர். மோரோ கிளர்ச்சிப் படையுடன் அரசாங்கம் சண்டை நிறுத்தம் செய்திருந்த பகுதி அது. அந்தப் படையிடமும் சொல்லவில்லை, சொந்த ராணுவத்துடனும் முன்கூட்டியே ஒருங்கிணைக்கவில்லை.

அமெரிக்கர்கள் உளவுத் தகவலும் பயிற்சியும் கொடுத்திருந்தது செனட் விசாரணையில் தெரியவந்தது. பீரங்கியால் சுடும்படி ஓர் அமெரிக்கர் சொன்னதாகவும், இங்கே தளபதி நான்தான் என்று பிலிப்பீன்ஸ் ராணுவ அதிகாரி மறுத்துவிட்டதாகவும் அறிக்கை கூறியது.

விளைவு? தெற்கில் முஸ்லிம்களுக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் முடங்கியது. அது நிறைவேற 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேடப்பட்ட ஒருவர் ஒழிந்தார் என்பது வாஷிங்டனுக்கு வெற்றி. மணிலாவுக்கோ 44 சவப்பெட்டிகளும் தடுமாறிய அமைதிப் பேச்சும் மிஞ்சின.

தலைவர்கள் சண்டை போட்டால்?

2016இல் அதிபரான ரொட்ரிகோ டுட்டர்டே, அமெரிக்கச் சிறப்புப் படையினர் தெற்கைவிட்டுப் போகவேண்டும் என்றார். மறு ஆண்டு மே மாதம் ஐஎஸ் ஆதரவாளர்கள் மராவி நகருக்குள் புகுந்தனர். சண்டை 5 மாதம் நீடித்தது. 1,100க்கும் அதிகமானோர் மாண்டனர். சுமார் 350,000 பேர் வீடுகளைவிட்டு வெளியேறினர்.

அப்போது அமெரிக்க வேவு விமானங்கள் மராவிக்கு மேலே பறந்தன. தாம் அமெரிக்காவிடம் உதவி கேட்கவே இல்லை என்றார் டுட்டர்டே! கேட்டது யார்? ராணுவம்தான். கூட்டுப் பயிற்சி, படிப்பு, ஒன்றாகச் சாப்பிட்ட சாப்பாடு என்று பல ஆண்டுகளாக வளர்ந்த பழக்கம் அது. ராணுவ அரசதந்திரம் என்று சொல்கிறோமே, அது இதுதான். தலைவர்கள் பேசாதபோதும் அதிகாரிகள் தொலைபேசியை எடுப்பார்கள்.

அதற்கும் எல்லை உண்டு. தமக்கு நெருக்கமான செனட்டர் ஒருவரின் அமெரிக்க விசா ரத்தானதும், 2020 பிப்ரவரியில் வருகைப் படைகள் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளப்போவதாக டுட்டர்டே அறிவித்தார். 2021 ஜூலையில்தான் அந்த முடிவை மாற்றிக்கொண்டார்.

நமக்கு என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 2000இல் மலேசியாவின் சிபாடான் தீவிலிருந்து 21 பேரை அபு சயாஃப் கடத்திச் சென்றது. மராவித் தாக்குதலில் பங்கிருந்தவர்களில் ஒருவர், மலாயாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் விரிவுரையாளர். சிங்கப்பூரும் அப்போது போக்குவரத்து விமானம், ஆளில்லா வானூர்தி, நகர்ப்புறச் சண்டைக்கான பயிற்சி இடம் ஆகியவற்றை வழங்க முன்வந்தது.

இனி?

2014இல் கையெழுத்தான இன்னோர் உடன்பாட்டின்படி, பிலிப்பீன்ஸ் முகாம்களை அமெரிக்கா பயன்படுத்தலாம். 2023இல் அவற்றின் எண்ணிக்கை 5லிருந்து 9 ஆனது. புதிய நான்கில் மூன்று வடக்கே, தைவானை நோக்கிய பக்கத்தில் உள்ளன. இன்னொன்று தென்சீனக் கடலை ஒட்டிய பலாவானில். கவனம் பயங்கரவாதத்திலிருந்து சீனாவின் பக்கம் நகர்ந்துவிட்டது.

ஆனால் தெற்கு முழுமையாக அடங்கிவிடவில்லை. 2023 டிசம்பரில் மராவியில் பல்கலைக்கழக வழிபாட்டின்போது குண்டு வெடித்து நால்வர் மாண்டனர்.

எனவே அடுத்த முறை பாலிகாத்தான் படங்களைப் பார்க்கும்போது, எத்தனை பேர், எத்தனை பீரங்கி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டளை யாருடையது, ஏதாவது தவறினால் சவப்பெட்டி யார் வீட்டுக்குப் போகும் என்றும் கேட்டுப்பாருங்கள்.