சாவி யார் கையில்?

சின்ன காஞ்சிபுரத்துப் பட்டு வணிகர்கள் பலருக்கு இன்று இரண்டு கையொப்பங்கள். ஒன்று, ரசீதிலும் காசோலையிலும் பேனாவால் இடுவது. மற்றொன்று, விரலளவு யூ.எஸ்.பி. டோக்கனுக்குள் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம். தனியார் நிறுவனமாகப் பதிவு பெற்ற ஜவுளிக் கடையின் ஆண்டறிக்கைக்கும், அரசின் இணையவழி ஒப்பந்தப்புள்ளிக்கும் இரண்டாவதுதான் தேவை.

இதற்குச் சட்டத் தகுதி அளித்தது, 2000 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம். சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்க ஒரு கட்டுப்பாட்டாளரை மத்திய அரசு நியமித்தது. அவருடைய மூலச் சான்றிதழ் உச்சியில். உரிமம் பெற்ற நிறுவனங்கள் இடையில். நம் டோக்கன் அடியில்.

2014 ஜூலையில் இந்த அடுக்கின் இடைப்பகுதி ஆட்டம் கண்டது. தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து, கூகுள், யாஹூ ஆகியவற்றின் இணையப் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருந்தன. அதைக் கண்டறிந்தது கூகுள். நம் கட்டுப்பாட்டாளர் அல்லர். தகவல் வந்த மறுநாளே மையத்தின் சான்றிதழ்கள் ரத்தாயின என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். இருந்தும் கூகுள் தன் குரோம் உலாவியில், இந்திய மூலச் சான்றிதழின் செல்லுபடியை ஏழு இணையக் களங்களுக்குள் சுருக்கிவிட்டது.

அரசின் கவனம் இன்றும் பெரும்பாலும் சான்றிதழ் வழங்கும் இடத்திலேயே நிற்கிறது. 2021 ஜனவரி முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. மூன்றாம் வகுப்பு மட்டுமே. விண்ணப்பதாரர் காணொலியில் முகம் காட்ட வேண்டும். இவ்வளவு சோதனைக்குப் பின் கிடைக்கும் டோக்கன் எங்கே போகிறது? ரங்கசாமி குளத்தருகே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பார்த்தேன். மேசை இழுப்பறையில் வரிசையாக டோக்கன்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒட்டிய தாளில் உரியவரின் பெயரும் கடவு எண்ணும். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கெடு தேதி நெருங்கும்போது அலைச்சலைத் தவிர்க்கும் ஏற்பாடு, அவ்வளவே. சரிகையில் ஐயம் வந்தால் ஓர் இழையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்க்கிற ஊர் இது!

சட்டத்தின் 42-ஆவது பிரிவு இந்த வசதியை ஏற்பதில்லை. தனிச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை. சாவி பிறர் கைக்குப் போய்விட்டதென்று சான்றளித்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்வரை பொறுப்பும் அவருடையதே. கடன் அடமானப் பதிவிலோ இயக்குநர் மாற்றத்திலோ அந்தக் கையொப்பம் விழுந்தால், 'நான் இடவில்லை' என்று நிறுவுவது எளிதன்று. பேனாக் கையொப்பத்தில் எழுத்தின் சாய்வாவது ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். டோக்கனில் யார் அழுத்தினாலும் ஒன்றுதான்.

ஆதாரோடு இணைந்த இ-சைன் முறையில் இந்தச் சிக்கல் குறைவு. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிய சாவி உருவாகி, உடனே அழிந்துவிடுகிறது. இழுப்பறையில் வைக்க ஏதுமில்லை. ஒருமுறைக் கடவுச்சொல்லையும் தொலைபேசியில் கேட்டு வாங்கிவிடலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் உரியவரைக் கேட்டாக வேண்டும். சிறு நிறுவனங்களின் வழக்கமான தாக்கல்களுக்கு இதையே அனுமதிக்கலாம். டோக்கன் தவிர்க்க முடியாத இடங்களில், ஆவணத்தைப் பெறும் அரசுத் தளம், சான்றிதழ் வழங்கியபோது பதிவான எண்ணுக்கு அப்போதே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். ஆடிட்டரின் எண்ணுக்கு அல்ல.